வெறுங்காலோடு எங்கே ஓடுவார்?

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் அவர்களே, நரை கண்ட பெரியோர்களே, வேலை முடிந்து முகம்கூடக் கழுவாமல் வந்து நிற்கும் தாய்மார்களே, தோழர்களே, முன்வரிசையில் கைக்குட்டையும் கையுமாக அமர்ந்திருக்கும் சாயப்பட்டறை மேலாளர் அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம். அங்கே யாரும் முணுமுணுக்க வேண்டாம். வந்த மனிதர் இருந்து கேட்கட்டும்.

ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைமறைவு. என்ன பொருள் அதற்கு? சட்டத்துக்கு அஞ்சி, தேடுவோர் கண்ணில் படாமல், தன்னைத் தானே ஒளித்துக்கொள்வது. ஓட ஒரு தெரு வேண்டும், ஒளிய ஓர் இடம் வேண்டும், ஒளியும் எண்ணம் வேண்டும். நம் நெட்டையண்ணனுக்கு இதில் எது இருந்தது?

கழிவுத் தொட்டிக்குள் இறங்கச் சொன்னார்கள், இறங்கினார். கயிறு உண்டா? இல்லை. முகமூடி உண்டா? இல்லை. மேலே நின்று பார்க்க ஓர் ஆள் உண்டா? அதுவும் இல்லை. அன்று மாலை கிடங்கில் ஒரு செம்புக் கம்பிச் சுருளைக் காணவில்லை. ஆளையும் காணவில்லை. அவ்வளவு போதாதா? "திருடிவிட்டுத் தலைமறைவு" என்று படத்தோடு ஒரு தாளைப் பட்டறை வாசல் பலகையில் மேலாளரே ஒட்டிவிட்டார். "எவளோட போனானோ" என்று தெருவே பேசியது. சிரிக்காதீர்கள், பேசிய வாய்கள் இங்கேயும் இருக்கின்றன.

தொட்டிக்குள் இறங்குகிறவர் செருப்பை விளிம்பில் கழற்றி வைப்பது நம் வழக்கம். அந்தச் செருப்பு வாசல் ஓரத்தில் வீசப்பட்டுக் கிடந்தது. கணவரைத் தேடிப்போன அண்ணி அதைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "ஏங்க, செருப்பு இங்க கிடக்குதே. வெறுங்கால்ல எங்கங்க ஓடுவாரு?"

மேலாளர் சொன்ன பதில் என்ன தெரியுமா? "திருட்டுப் பய செருப்ப மாட்டிக்கிட்டா ஓடுவான்? போம்மா, போய் வேலையப் பாரு."

இரண்டு வாரம் கழித்துத் தொட்டி அடைத்துக்கொண்டது. திறந்தார்கள். அடியில் கிடந்தார் நெட்டையண்ணன். இடுப்பில் வீட்டுச் சாவி இருந்தது. செம்புச் சுருள் கிடங்கிலேயே, சாக்குகளுக்கு அடியில் இருந்தது.

தேடியும் கிடைக்காவிட்டால்தானே ஐயா ஒளிந்தவர் என்று சொல்ல முடியும்? அவரைத் தேடியது யார்? அண்ணி ஒருத்திதான்.

நேற்று உடலை மேலே எடுத்தார்கள். பலகையிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார்களா? இல்லை. பள்ளிக்கூடத்தில் அவர் மகளை இன்றும் "தலைமறைவு மக" என்றுதான் கூப்பிடுகிறார்கள். காலையில் அண்ணி என்னிடம் சொன்னார்: "அழுது முடிச்சுட்டேன்ணே. அந்தத் தாள ஒட்டுன கையாலயே கிழிக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் அவர அடக்கத்துக்கு எடுக்க விடமாட்டேன்."

மேலாளர் அவர்களே, எழுந்திருங்கள். உங்கள் மேல் ஒரு விரல்கூடப் படாது. அதற்கு நான் பொறுப்பு. செருப்பை மட்டும் இங்கே கழற்றுங்கள். நாங்களும் கழற்றுகிறோம். பட்டறை வாசல் வரை வெறுங்காலோடு நடப்போம். எவ்வளவு தூரம் ஓட முடியும் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

தாய்மார்களே, அண்ணிக்கு முதலில் வழி விடுங்கள். பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. மீதி வணக்கத்தை நெட்டையண்ணனுக்கு வாசலில் சொல்வோம்.