பதினான்கு சுற்று

தூரப் பயணத்தில் காரின் முன்சீட்டில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது என்பது என் கட்சி. ஓட்டுகிறவனுக்குப் பேச்சுத்துணை வேண்டும், தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொடுக்க ஒரு கை வேண்டும். இந்த விஷயத்தில் என் மாப்பிள்ளையைக் குறை சொல்லவே முடியாது. பத்தொன்பது வருடத்தில் பத்தொன்பது பயணம். ஒருமுறைகூட அவர் கண்ணயர்ந்ததில்லை. ஊர் ஊராகப் போய் வாட்டர் ஃபில்டர் விற்கிற வாய், ஓயவே ஓயாது. என் தங்கைக்கு வரன் பார்த்தபோது ‘பையன் வாய் பேசாத சாது’ என்று விசாரித்துச் சொன்ன ஆளை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் நேற்று எழுதிக்கொண்ட அறிக்கையில் ஒரு தவறு இருக்கிறது இன்ஸ்பெக்டர் சார். அதைத் திருத்தத்தான் நானாகவே வந்தேன். ‘ரயில் எஞ்சினின் கைபிரேக் தானாக விட்டுக்கொண்டது’ என்று இருக்கிறது. அந்த பிரேக் நல்ல பிரேக். நீங்கள் இப்படி எழுதிவைத்தால் அதைப் பழுதான எஞ்சின் என்று சொல்லி, அறுத்து எடைக்குப் போட்டுவிடுவார்கள். அறுபது வயது எஞ்சின்மேல் வீண்பழி விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் கிறுக்கைச் சொல்லிவிடுகிறேன். எப்போதோ மூடிப்போன ஒரு பட்டறை, தொழிற்சாலைகளுக்குள் வேகன்களைத் தள்ளுவதற்கென்று பதினொரு குட்டி ஷண்டிங் எஞ்சின்கள் செய்தது. நாலு சக்கரம், யானைக்குட்டி உருவம், எருமையின் சுறுசுறுப்பு. ஒன்று காகித ஆலையில், ஒன்று துறைமுகத்தில், ஒன்று உரக் கிடங்கில் என்று சிதறிக் கிடக்கின்றன. வருடத்தில் நாலு நாள் லீவு போட்டு அவற்றைத் தேடிப் போவோம். மற்ற ஆண்கள் அந்த நாலு நாளில் கடற்கரைக்குப் போவார்கள். நாங்கள் துருப்பிடித்த தகரத்தின் முன்னால் நின்று கண்கலங்குவோம்.

பார்த்த எஞ்சின்களைக் குறிக்க ஒரு நோட்டு, அதன் முதல் பக்கத்தில் மூன்று விதி உண்டு. எழுதியது நான். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தால்தான் கணக்கு. எஞ்சினின் எண்ணை, கேபினில் இருக்கும் பித்தளைத் தகட்டில் படிக்கக் கூடாது. முன்பக்கம் குனிந்து, அடிச்சட்டத்தில் பொறித்திருப்பதைத்தான் படிக்க வேண்டும். ஏனென்றால் ரிப்பேருக்கு வருகிற எஞ்சின்களுக்குக் கேபினைச் சட்டை மாற்றுவதுபோல மாற்றிப் போட்டுவிடுவார்கள், சட்டம் மட்டும் மாறாது. மூன்றாவது, பாதி படித்த எண் செல்லாது.

விதி என்றால் எனக்கு விதிதான். மூன்று வருடத்துக்கு முன்பு, நான் எடுத்த எல்லாப் போட்டோவிலும் மாப்பிள்ளையின் முழங்கை வந்து நின்றது. சொல்லிப் பார்த்தேன். பிறகு கார்க் கதவை மூடினேன், அவர் விரல்கள் நடுவில் இருந்தன. நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன், அவருக்கும் நானே எடுத்தேன். நடுவிரலில் இரண்டு இடம். அந்தப் படத்தில் முழங்கை வரவில்லை. “பாவம் மச்சான், கவனிக்கல நீங்க” என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அவர் அப்படித்தான்.

பத்து எஞ்சின் பார்த்தாயிற்று. நாலாம் எண்ணை ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு சர்க்கரை ஆலையில் பார்த்தோம். மாப்பிள்ளை மேனேஜரிடம் பேச்சுக்கொடுத்து நிறுத்திவைத்திருக்க, நான் அடியில் குனிந்து, “நாலு” என்று குரல் கொடுத்தேன். அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். மிச்சம் இருந்தது பதினொன்று மட்டும். அது அந்த சிமென்ட் ஆலையில் நிற்பதாகத் தகவல்.

நேற்றுக் காலை பத்து மணிக்குப் போனோம். மாப்பிள்ளை நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்காரர்போல முன்னால் நடந்தார். கேட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் வாட்ச்மேன் என்னிடம் சொன்னார்.

“போன மாசமும் வந்தாருங்க இவரு. உள்ள வந்து பாருங்கன்னேன். மச்சான் இல்லாம வரமாட்டேன்னு கேட்டுலயே நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு.”

கேட்டிலிருந்து அந்த எஞ்சின் நன்றாகத் தெரிகிறது சார். நீங்களே நின்று பாருங்கள். மஞ்சள் பெயின்ட், பித்தளைத் தகடு, தகட்டில் பதினொன்று. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழியெல்லாம், “எப்படி இருக்கும் மச்சான், கண்ணாடி இருக்குமா, ஹாரன் இருக்குமா” என்று நானூறு கிலோமீட்டர் நடித்துக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குப் பொய் ஆகாது. ஒரு எஞ்சின் விஷயத்தில் இப்படிப் பொய் சொல்கிறவர் என் தங்கையிடம் எத்தனை சொல்லியிருப்பார் என்று தோன்றியது. அவளுக்காகத்தான் என் மனசு அப்படிக் கொதித்தது. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

தண்டவாளம் அங்கே லேசான இறக்கம். எஞ்சின் மேலே, மூன்றடி தள்ளிக் கீழே ஒரு காலி வேகன். எண்ணைப் படிக்க மாப்பிள்ளை அந்த இடைவெளியில் புகுந்து உட்கார்ந்தார். நான் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த இரண்டு கட்டைகளையும் காலால் தள்ளிவிட்டுக் கேபினுக்குள் ஏறினேன். கைபிரேக், இரும்புச் சக்கரம்போல இருக்கும். முழுக்கத் தளர்த்தப் பதினான்கு சுற்று. நான் சுற்றினேன்.

பன்னிரண்டாவது சுற்றில் எஞ்சின் அசைந்தது. இருபத்திரண்டு டன் அசையும்போது பெரிதாகச் சத்தம் வராது. அவர் உட்கார்ந்தே இருந்திருந்தால் பஃபர் தலைக்கு மேலே போயிருக்கும். பதறி எழுந்துவிட்டார். பஃபர் என்பது மோதலைத் தாங்க வெளியே நீட்டியிருக்கும், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு இரும்பு வட்டம். எஞ்சின் பஃபர் மார்பில், வேகன் பஃபர் முதுகில். விலா எலும்பு உடைகிற சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. என் தொழிலில் எல்லோரும் உடைந்த பிறகுதானே வருவார்கள். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் நாலு என்று அங்கேயே எண்ணினேன். உங்கள் டாக்டர் எட்டு என்று எழுதியிருக்கிறார். சந்தேகமிருந்தால் ஒரு படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உடனே போய்விடவில்லை. வாயிலிருந்து இரத்தம் நுரையாக வந்தது. நுரையீரல் கிழிந்தால் அப்படித்தான் வரும். உதடு அசைந்தது, சத்தமில்லை. பத்தொன்பது வருடத்தில் அவரை அப்படி அமைதியாக நான் பார்த்ததில்லை. நாலு நிமிடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்க்கவில்லை. நான் இறங்கி, பக்கவாட்டில் கையை விட்டு, கைக்குட்டையால் அடிச்சட்டத்தைத் துடைத்து எண்ணைப் படித்தேன். இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் வாட்ச்மேனைக் கூப்பிடப் போனேன்.

சாயங்காலம் பிணவறை வாசலில் என் தங்கை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. “கடைசியா ஏதாச்சும் சொன்னாராண்ணா?” என்றாள்.

“ஒண்ணும் சொல்லலம்மா” என்றேன்.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. நான் ஆறாவது சுற்றில் இருக்கும்போது கீழேயிருந்து குரல் வந்தது. கேபினில் கண்ணாடி கிடையாது, தெளிவாகவே கேட்டது.

“மச்சான், இது பதினொண்ணு இல்ல. சட்டத்துல நாலுன்னு போட்டிருக்கு. கேபினத்தான் மாத்தி வச்சிருக்கானுங்க. அப்ப அன்னிக்கு சர்க்கரை ஆலையில நின்னதுதான் பதினொண்ணு. நீங்க அடியில குனிஞ்சு படிச்சது...”

அந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை சார். குழந்தை ஒளித்துவைத்த மிட்டாயைக் கண்டுபிடித்த அப்பா சிரிப்பாரே, அப்படி. அன்று அந்த ஆலையில் சட்டமெல்லாம் ஒரு சாண் சர்க்கரைப் பாகு அப்பிக் கிடந்தது. நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். குனிந்தது உண்மை. கேபின் தகட்டைப் பார்த்துத்தான் நாலு என்றேன்.

வாய் ஓயாத மனிதர், என் பதிலுக்காகப் பேசாமல் காத்துக்கொண்டிருந்தார். நோட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. ஆறாவது சுற்றில் எந்த பிரேக்கும் விடாது, திருப்பி இறுக்கினால் முடிந்தது. மீதி எட்டுச் சுற்றையும் நான்தான் சுற்றினேன். எஞ்சின்மேல் தப்பில்லை என்று எழுதிவிடுங்கள்.

தங்கையிடம் சொன்னதில் மட்டும் பொய் எதுவும் இல்லை. அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லையே சார். பாதி செல்லாது.