மதிலோரம் ஒரே ஒரு இடம்

காரைக்கால் கல்லூரி மைதானத்தைச் சுற்றி, பைக்கை நிறுத்த இடம் தேடி மூன்றாவது சுற்று வந்துகொண்டிருந்தேன். மதிலோரம் ஒரே ஓர் இடம் காலி. எனக்கு முன்னால் போன கார் அதில் நுழைந்தது. ஓட்டிவந்தவர் இறங்கியதும் எதிர்வீட்டு அம்மா கேட்டுக்கு ஓடிவந்தார்.

"தம்பி, அங்க நிறுத்தாதீங்க! மதிலுக்கு அந்தப் பக்கம்தான் கோல் போஸ்ட். பந்து வந்து கண்ணாடிய ஒடச்சிடும்."

"இன்னிக்கி வராதுங்க, இன்ஷா அல்லாஹ். கோல்ல நிக்கிறது எம் மவ."

"அவ ஆட்டத்தப் பாத்திருக்கீங்களா?"

"இல்லங்க. நேத்துதான் துபாய்லேந்து வந்தேன்."

"பாதி ஆட்டத்துல பக்கம் மாறுவாங்களே?"

அவர் காரைப் பூட்டினார்.

"அப்பறம் இந்தப் பக்கம் அடிக்கப்போறது நம்ம புள்ளைங்கதானே? ஒடைஞ்சா ஒடையட்டும்ங்க."