நிரப்பக் கூடாத பீப்பாய்

அம்புருவாஸ்: விடு மாப்ள, நானே உக்காந்துக்கிறேன். கால்தான் ஒடைஞ்சுது, மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு.

லூசியன்: சரியா இருக்கிற லட்சணம்தான் தெரியுதே. அந்த ஊன்றுகோலை இப்படிக் குடு மச்சான். சரிஞ்சு விழப்போவுது.

அம்புருவாஸ்: ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி சூப்பைக் குடிச்சே நாக்கு செத்துப்போச்சு. என்ன வச்சிருக்க?

லூசியன்: சாஸேஜ் வெந்துக்கிட்டிருக்கு. உருளைக்கிழங்கு இருக்கு. சீஸ் வெட்டி வச்சிருக்கேன்.

அம்புருவாஸ்: ஒயின்?

லூசியன்: சிவப்பு இருக்கு.

அம்புருவாஸ்: எது, உங்க பர்கண்டிச் சிவப்பா? கொழுப்புதான் உனக்கு! ஜூராவுல, என் வீட்டு அடுப்படியில, எனக்கே அதை ஊத்துறியா?

லூசியன்: பிடிக்கலைன்னா தண்ணியைக் குடி.

அம்புருவாஸ்: ஊத்து, ஊத்து. வந்த அன்னைக்கே சண்டை வேண்டாம்... என்ன, பூட்ஸெல்லாம் சாம்பல் மண்ணு? சரிவுல இருக்கிற தோட்டத்துக்குப் போயிருந்தியா?

லூசியன்: காலையில போனேன். மழைக்கு அப்படியே காலைப் பிடிச்சு இழுக்குது. மண்ணா அது? பசை.

அம்புருவாஸ்: அந்தப் பசைதாண்டா எங்களுக்குச் சோறு. அந்தக் களிமண்ணு இல்லைன்னா சவான்யான் திராட்சை இந்தப் புளிப்போட நிக்காது. மடத்துக் கன்னியாஸ்திரீகள் வச்ச கொடின்னு சொல்லுவாங்க, யார் கண்டா. வேர்ப்பூச்சி வந்து இந்த ஊரே காலியானப்போ எங்க பூட்டன் மட்டும் அங்கேயே கிடந்து, அமெரிக்க வேர்ல ஒட்டுக் கட்டி மறுபடி நட்டான். பைத்தியக்காரன்.

லூசியன்: கொடி எப்படி இருக்குன்னு கேக்க மாட்டியா?

அம்புருவாஸ்: கேட்டு? மூணு வருஷமா வசந்தத்துல மொட்டு விடும், உறைபனி வந்து கருக்கிட்டுப் போவும். இந்த வருஷம் அறுத்தது ஒரு தொட்டிகூட நிறையல. அதுக்குப் போயி டிராக்டர்ல இருந்து விழுந்து காலை ஒடைச்சுக்கிட்டேன் பாரு!

லூசியன்: சரி சரி, சாப்பிடு. ஆறிடும்.

அம்புருவாஸ்: கீழ எப்படி இருக்கு?

லூசியன்: எது?

அம்புருவாஸ்: எதுன்னா? மூணு பீப்பாயும்தான்.

லூசியன்: இருக்கு. நிலவறையை விட்டு எங்க போவுது.

அம்புருவாஸ்: ம்.

லூசியன்: இப்ப இறங்கிப் பாக்கணும்னு அடம் பிடிக்காத. படியெல்லாம் ஈரம். வழுக்கி விழுந்தா இன்னொரு காலும் போயிடும்.

அம்புருவாஸ்: நான் எங்கய்யா அடம் பிடிச்சேன்? மெதுவாப் பாத்துக்கலாம்.

லூசியன்: மெதுவாவா? டிசம்பர்ல புட்டியில ஊத்தணும்னு நீதான சொன்ன. ஆறு வருஷம் முடியுதுன்னு. அதை வித்த காசு வந்தாத்தான் சரிவு நம்ம கையில நிக்கும்னு.

அம்புருவாஸ்: சொன்னேன்.

லூசியன்: அது இல்லைன்னா?

அம்புருவாஸ்: என்ன பேச்சு இது? சாப்பிடும்போது... கடுகு எங்க?

லூசியன்: முன்னாடிதான் இருக்கு. இல்ல, சும்மா கேக்கிறேன். அது இல்லைன்னா என்ன பண்ணுவ?

அம்புருவாஸ்: கொடியைக் குடுத்துட்டுக் கவுந்து படுத்துக்குவேன். போதுமா? உனக்கு என்ன வந்துச்சு இன்னைக்கு? முகமே சரியில்ல.

லூசியன்: எனக்கென்ன. பொண்டாட்டி போனவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கு.

அம்புருவாஸ்: மாப்ள...

லூசியன்: விடு. ஒரு வாய் சாப்பிடு.

அம்புருவாஸ்: அவ போனது உனக்கு மட்டுமா? எனக்கு இருந்தது ஒரே தங்கச்சி, மத்தில். ஈஸ்டர்ல அவளைப் புதைச்சதுல இருந்து கோயில் மணி அடிச்சாலே காதைப் பொத்திக்கிறேன்.

லூசியன்: அவ இருந்திருந்தா கத்தியிருப்பா. "அதைத் தொடாதே"ன்னு ஒரு அதட்டல் போட்டிருப்பா.

அம்புருவாஸ்: எதைத் தொடாதேன்னு?

லூசியன்: இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு வைக்கவா?

அம்புருவாஸ்: எதைத் தொட்ட?

லூசியன்: அக்டோபர்ல மழை விடாம ஊத்திச்சே, ஞாபகம் இருக்கா?

அம்புருவாஸ்: ஜன்னல்ல பாத்துக்கிட்டேதான் கிடந்தேன்.

லூசியன்: நீ சொன்ன மாதிரி தினமும் காலையில கீழ போவேன். அடைப்பைத் தொடல. சும்மா நிப்பேன், தட்டிப் பாப்பேன். தட்டினா உள்ள வெறுமையா ஒரு சத்தம் வரும் பாரு, அது எனக்கு ஆகவே ஆகாது.

அம்புருவாஸ்: உங்க ஊர்க்காரனுக்கு எப்படி ஆகும்? கொஞ்சம் குறைஞ்சாலே ஓடி ஓடி நிரப்புற கூட்டம்.

லூசியன்: பீப்பாயைக் குறைய விட்டா எங்கப்பா செருப்பால அடிப்பாரு.

அம்புருவாஸ்: எங்கப்பா நிரப்பினா அடிப்பாரு. ஆறு வருஷம் குறையக் குறைய அப்படியே விடணும். மேல பாலாடை மாதிரி ஏடு கட்டும். அந்த ஏடுதான் ஒயினைக் காப்பாத்தும், வால்நட் வாசனை எல்லாம் அதால வர்றதுதான். உனக்குத் தெரியாததா.

லூசியன்: தெரியும் மச்சான். மண்டைக்குத் தெரியும். கைக்குத் தெரியணுமே!

அம்புருவாஸ்: என்ன பண்ணினே?

லூசியன்: ஒரு நாள் படியில இறங்கும்போதே மூக்குல சுருக்குன்னு ஏறிச்சு. புளிப்பு வாடை. ஒண்ணுல இல்ல, மூணுலயும். மச்சான் நம்மளை நம்பிச் சாவியைக் குடுத்திருக்கான், நம்ம காவல்ல இருக்கும்போதே கெட்டுப்போவுதேன்னு...

அம்புருவாஸ்: எனக்கு ஒரு போன் பண்ண வேண்டியதுதான?

லூசியன்: என்னன்னு பண்றது? அன்னைக்குத்தான் உனக்குக் கால்ல ரெண்டாவது ஆபரேஷன்.

அம்புருவாஸ்: சரி, சொல்லு.

லூசியன்: எங்க பக்கத்துல அந்த வாடை வந்தா காத்து புகுந்துடுச்சுன்னு அர்த்தம். காத்துக்கு இடம் இல்லாம நிரப்பிடணும். வேற எதுவும் எனக்குத் தோணல. ஊத்திட்டேன்.

அம்புருவாஸ்: எதுல?

லூசியன்: மூணுலயும். விளிம்பு வரைக்கும்.

அம்புருவாஸ்: ஏடு?

லூசியன்: கிழிஞ்சு, துண்டு துண்டாப் போயி... அப்படியே முங்கிடுச்சு. அப்புறம்தான் என்ன பண்ணித் தொலைச்சேன்னே உறைச்சுது. தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன். ஆறு வருஷம் நீ பொத்திப் பொத்தி வச்சதை ஒரே காலையில கொன்னுட்டேன். சரிவும் போச்சு. என்னைத் திட்டு மச்சான். அந்தக் கோலால நாலு போடு. இப்படிச் சும்மா உக்காந்திருக்காத!

அம்புருவாஸ்: உக்காரு.

லூசியன்: மாட்டேன்.

அம்புருவாஸ்: உக்காருடா. நீ ஒண்ணையும் கொல்லல.

லூசியன்: கொன்னேன்கிறேன்...

அம்புருவாஸ்: அது ஜூலையிலயே செத்துப்போச்சு.

லூசியன்: எது?

அம்புருவாஸ்: மூணும். எப்பவும் போலக் கோடையில சாம்பிள் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். சோதனைக்கூடத்துப் பொண்ணு போன்ல சொல்றதுக்கே தயங்கினா. வினிகர் ஆயிடுச்சு மாப்ள. நானும் ருசி பாத்தேன், தொண்டை எரிஞ்சுது. உன் மூக்கு பிடிச்ச வாடை அதுதான்.

லூசியன்: அப்போ டிசம்பர்... புட்டி... அதெல்லாம்?

அம்புருவாஸ்: பொய்.

லூசியன்: சரிவு?

அம்புருவாஸ்: பக்கத்துத் தோட்டத்து வெர்ஜேகிட்ட ஆகஸ்டுலயே வாக்குக் குடுத்துட்டேன். புத்தாண்டுக்கு அப்புறம் அது அவன் கொடி. இதோட எங்க குடும்பத்துக்கும் அந்த மண்ணுக்கும் தீர்ந்துது.

லூசியன்: எல்லாம் முடிஞ்சப்புறம் என் கையில எதுக்குச் சாவியைக் குடுத்த? செத்த பீப்பாய்க்கா என்னைக் காவல் வச்ச?

அம்புருவாஸ்: அவளைப் புதைச்சதுல இருந்து நீ ஜன்னலைக்கூடத் திறக்கல. சாப்பிடல. சொந்தத் தோட்டத்துக் கொடியைக் கவாத்து பண்ணல. அடுத்த சாவு உன்னுதுதான்னு உங்க ஊர்ல பேசிக்கிட்டாங்க. நான் வேற காலை ஒடைச்சுக்கிட்டுக் கிடக்கேன். காலையில உன்னைப் படுக்கையை விட்டு எழுப்ப வேற வழி தெரியல எனக்கு.

லூசியன்: தினம் தினம் அதுக்கு முன்னாடி நின்னு பேசிக்கிட்டிருந்தேன் மச்சான். கெட்டுடாதே, கெட்டுடாதேன்னு...

அம்புருவாஸ்: என்னை மன்னிச்சுடு. வந்ததும் சொல்லிடணும்னுதான் இருந்தேன். உன் முகத்தைப் பாத்ததும் வாய் வரல.

லூசியன்: செத்தது...

அம்புருவாஸ்: ஆமா. அதனால கண்ணைத் துடை. வினிகர்ல எதை ஊத்தினா என்ன? உன்னால ஒரு சொட்டுகூட வீணாப் போகல. போனது பூரா என்னோடது.

லூசியன்: ஒரு சொட்டுகூடவா...

அம்புருவாஸ்: என்னத்தை ஊத்தினே? அதையாவது சொல்லு. கடையில மலிவா விக்கிற சரக்கா?

லூசியன்: உன் பீப்பாயில கண்டதையும் ஊத்த மனசு வரல மச்சான். போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி, நிக்க முடியாம நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு மத்தில் தன் கையால போட்டாளே, ஒரே ஒரு பீப்பா வெள்ளை ஒயின்... அதை வண்டியில ஏத்திட்டு வந்துதான் மூணுலயும் ஊத்தினேன். எனக்குன்னு ஒரு டம்ளர்கூட எடுத்து வைக்கல.