ஓரிரு இடங்களில்

ஹாரன் அடிச்சா மேகம் விலகிடுமா? நிறுத்துங்க தம்பி. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.

கையில சிவப்புக் கொடி தெரியுதுல்ல? வண்டிய அணைங்க. போனையும் அணைங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன், மொதல்ல அணைங்க.

ம்.

அந்த வளைவு தாண்டினா கல்குவாரி. ரோட்டை ஒட்டியே குழி, நடுவுல ஒரு கம்பி வேலி. அவ்வளவுதான். கீழ பாறையில வரிசையா துளை போட்டு வெடிமருந்து வச்சிருக்கு. அதப் பத்த வைக்கற கேப்பு சொருகியாச்சு. ஒண்ணோட ஒண்ணு வயரும் கோத்தாச்சு. ஆனா வெடிக்கல. இப்ப மேல பாருங்க, என்ன வந்து நிக்குதுன்னு. கேப்பு கரண்டுல வெடிக்கிறது. அந்தக் கரண்டு என் பேட்டரிப் பெட்டியில இருந்து வருதா, மின்னல்ல இருந்து வருதா, உங்க போன்ல இருந்து வருதான்னு அது கேக்காது. புரிஞ்சுதா?

எப்ப வெடிக்கும்னா? நான் என்ன ஜோசியமா பாக்கறேன்? இப்பவே வெடிக்கலாம். வெடிக்காம மேகம் கலைஞ்சாலும் கலையலாம். அது வரைக்கும் ஒரு பயலும் தாண்டக்கூடாது. இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் என் மருமக நிக்கறா, இதே மாதிரி கொடியோட.

மீட்டிங்கா? நீங்க இல்லாம பேச ஆரம்பிச்சா என்ன குறைஞ்சிடும்? பேசட்டும்.

வேர்க்குதா? கண்ணாடிய ஏத்திட்டுக் குளுகுளுன்னு வந்தீங்க, வேர்க்கத்தான் செய்யும். நாங்க விடிஞ்சதுலேர்ந்து இதுலதான் கிடக்கோம். சட்டையக் கழட்டிப் பிழிஞ்சு பிழிஞ்சு மாட்டுறோம். இரும்பைத் தொட்டா கை பொசுங்குது. காத்தே இல்ல, எவனோ ஈரத் துணிய மூஞ்சியில போட்டு அமுக்கற மாதிரி இருக்கு. இப்படிப் புழுங்கினா சாயங்காலம் வானம் அடிக்காம விடாது. ரேடியோக்காரனும் கோடை ஆரம்பத்துலயே சொல்லிட்டான். இந்த வருஷம் வெயில் வழக்கத்தவிடக் கூட, காத்துல ஈரம் கூட, பிற்பகல்ல ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை. தினமும் அதையேதான் படிக்கிறான்.

வம்பே அங்கதான். என் மகன் கேக்கறான், ஓரிரு இடம்னா அது நம்ம இடமாத்தான் இருக்கணுமாப்பான்னு. எல்லா ஊர்லயும் ஒருத்தன் இப்படிக் கேட்டுட்டுத்தான் உக்காந்திருப்பான். இடி என்ன பத்திரிகை வச்சு அழைச்சிட்டா வரும்?

ம். அந்தா வெட்டுது பாருங்க. கிட்ட வந்துடுச்சு.

கோடையில எங்க வேலைக்கு ஒரு முறை உண்டு. வெயில் ஏறறதுக்குள்ள எத்தனை துளை வெடிக்க முடியுமோ அத்தனைக்குத்தான் மருந்து. மிச்சத் துளை காலியாக் கிடக்கட்டும், அது ஒண்ணும் ஓடிப் போகாது. மதியத்துக்கு மேல ஒரு கேப்பு பெட்டிய விட்டு வெளிய வரக்கூடாது. இன்னிக்குப் பல்லு வலின்னு டவுனுக்குப் போனேன். டாக்டர் பாத்தார், பிடுங்க வேண்டாம், மாத்திரை போதும்னார். திரும்பி வந்தா என் மகன் முழு வரிசையும் ரொப்பி வச்சிருக்கான். ஒரே அடியில முடிச்சிட்டா நாளைக்கு எல்லாருக்கும் லீவாம். பெரிய மனசு!

நான் வாயத் திறக்கறதுக்குள்ள மேற்கால உறுமிச்சு. உறுமினா கையில இருக்கறதப் போட்டுட்டு எல்லாரும் மேல வந்துடணும். வந்தாங்க. ஆளுங்கள லாரியில ஏத்தி அனுப்பிட்டேன். மருமகள அந்தப் பக்கம் நிறுத்தினேன். போகும்போது திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனா. மாமா, அவர மட்டும் கீழ விட்டுடாதீங்கன்னா. அவளுக்கு அவனத் தெரியும்.

ஏன் அப்பவே வெடிச்சுத் தொலைக்கலன்னா? பேட்டரிக்கு இழுக்கற நீள வயர் பாக்கி. அத மாட்ட ஒரு ஆள் கீழ இறங்கணும். நீங்க இறங்கறீங்களா?

ஏய்! வண்டிய எதுக்குக் கிளப்பற? சொல்லிட்டே இருக்கேன், உருட்டறியா? கைய எடு. எடுடாங்கறேன்! விரல் நசுங்கும், விடு சாவிய.

ம். சாவி இப்ப என்கிட்ட இருக்கு. கத்து. நல்லாக் கத்து. போலீஸ்ல சொல்லு, ரௌடிக் கிழவன்னு எழுதிக் கொடு, நானே கையெழுத்துப் போடறேன். உன்னவிட ரெண்டு மடங்கு கனமான ஒருத்தன இன்னிக்கு நிறுத்தியாச்சு. நீ எனக்கு எம்மாத்திரம்?

யாரா? என் மகன்தான்.

கீழ துளை போடற மெஷின் நிக்குது. புதுசு. அதக் குளிப்பாட்டித் துடைக்கிறதப் பாத்தா கட்டினவளுக்கே வயிறு எரியும். மேல வந்தப்புறம்தான் அது ஞாபகம் வந்துச்சு துரைக்கு. ஓடிப் போய் ஓட்டிட்டு வந்துடறேன்பாங்கறான். வேணாம்னேன். ஒரே நிமிஷம்னான். வேணாம்டா, மெஷின் போனா இன்னொண்ணு எவனாவது செய்வான், உன்னை மறுபடி செய்ய உங்கம்மா உயிரோட இல்லன்னேன்.

கிழட்டுப் பயம்னான். என்னையா பயந்தாங்கொள்ளிங்கற? சட்டையப் பிடிச்சேன். தள்ளினான். மறுபடி பிடிச்சேன். குத்திட்டான் தம்பி. பெத்த அப்பன மூஞ்சியில குத்தினான். இந்தா பாருங்க, உதடு. டாக்டர் வேண்டாம்னு விட்ட பல்ல இவன் கழட்டிட்டான். ஃபீசும் கேக்கல.

மண்ணுல கிடந்து தலையத் தூக்கிப் பாக்கறேன், அவன் சரிவுல பாதி இறங்கிட்டான். மேல இது வெட்டுது. கைக்கு எட்டற தூரத்துல கடப்பாரை கிடந்துச்சு. நான் எழுந்து...

குனி! தலைய உள்ள இழு! சீட்டுக்குக் கீழ போ! வாயத் தொறந்து வச்சுக்கோ, காது போயிடும்!

...

இருங்க. எழுந்திருக்காதீங்க. மேல போன கல்லு இனிமேத்தான் இறங்கும்.

ம். இன்னும் விழுது.

ம்.

ஆச்சு. எழுந்திருங்க.

பாத்தீங்களா, வேலி எங்க போச்சுன்னு? ரோட்டுல கிடக்கே, அந்தக் கல்லு உங்க வண்டியவிடப் பெருசு. நல்லவேளை, ஒரு ஓரம் விட்டு வச்சிருக்கு. இந்தாங்க. தண்ணி குடிங்க. மழையும் வந்துடுச்சு.

மகனா?

கொட்டகையில இருக்கான். இதோ, இந்தத் தகரக் கொட்டகை. ஏன் அப்படிப் பாக்கறீங்க? கீழ கிடக்கான்னு நினைச்சீங்களா? அவன் கீழ கிடந்தா நான் இங்க நின்னு உங்ககூட மல்லுக்கட்டிட்டா இருப்பேன்?

பின்னாடியே ஓடிப் போய் முட்டிக்குக் கீழ போட்டேன். ஒண்ணு போதும்னு நினைச்சேன். எழுந்து நொண்டிட்டே இறங்கினான். அதனால இன்னொண்ணு. எலும்பு வெளிய வந்துடுச்சு. கக்கத்துல கை கொடுத்து இழுத்துட்டு வந்து போட்டிருக்கேன். துண்டால இறுக்கிக் கட்டினேன், ரத்தம் கொஞ்சம் கசியுது. கொட்டகை வயர் போன்ல ஆம்புலன்சுக்குச் சொன்னேன். வேற ஊருக்குப் போன இடத்துல காத்துல மரம் விழுந்து மாட்டிக்கிச்சாம். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். இந்தப் பக்கம் வந்த முதல் வண்டி உங்களோடது. கொடியக் காட்டினப்பவே பின் சீட்டு காலியா இருக்கான்னுதான் பாத்தேன். இது வெடிக்காம உங்கள எப்படி அனுப்பறது, சொல்லுங்க?

சீட்டு அழுக்காகும். ஆகட்டும்.

இந்தாங்க சாவி. நான் முன்னால நடந்து போய்ப் பாக்கறேன், எதுவும் வெடிக்காம மிச்சம் இருக்கான்னு. கைய ஆட்டினா வாங்க. அந்த முனையில மருமக நிப்பா, ஏத்திக்கோங்க. இந்தச் சத்தத்தக் கேட்டு அவ என்ன நிலைமையில இருக்காளோ. யார் அடிச்சதுன்னு கேப்பா. மாமாதான்னு சொல்லுங்க, மழுப்ப வேண்டாம்.

மொதல்ல இவன ஏத்துவோம், காலை அந்தப் பக்கம் பிடிங்க. மெதுவா. மெதுவாய்யா!

வழி நெடுக என்னைக் கெட்ட வார்த்தையில திட்டிட்டே வருவான். காதுல வாங்காதீங்க. திட்டட்டும். திட்டறத நிறுத்தினான்னா மட்டும் வண்டிய நல்லா மிதிங்க.