சாப்பாட்டுக் கவுண்டரில் ஒரு 'வேண்டாம்'

லண்டன் மோர்டன் மண்டபத்தின் ஹீட்டரை இயக்கத் தெரிந்த ஒரே மனிதர் என்ற தகுதியால் தலைமை ஏற்றிருக்கும் மாண்புமிகு சுஜீத் அவர்களே! பூசையை வேளைக்கு முடித்து எங்களை வாழவைத்த பங்குத்தந்தையே! நாற்பதாண்டு மணவாழ்வு கண்ட செபமாலைமுத்து அண்ணையே, மெற்றில்டா அக்காவே! சான்றோர்களே, தாய்மார்களே, மீன் ரோல்ஸ் தட்டு வரும் திசையை மட்டுமே நோக்கித் தவமிருக்கும் தவசீலர்களே! அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஒலிவாங்கி சாட்சியாகச் சொல்கிறேன்: நீங்கள் ஒருவருமே நம்பாத கதை ஒன்றை இப்போது சொல்லப் போகிறேன்.

என்ன பெர்னடெற்? "உங்கட எந்தக் கதையை நாங்கள் நம்பினனாங்கள்" என்றா கேட்கிறீர்? நியாயமான கேள்வி. இரும்.

அந்நாளில் டூட்டிங் பெருந்தெருவில் ஒரு கடை இருந்தது. கடையா அது? கடல்! ஊசி வாங்கலாம், உலைமூடி வாங்கலாம், மிட்டாயை அள்ளி நிறுத்து வாங்கலாம். முன்வாசலால் குடை வாங்கப் போனவன் பின்வாசலால் வரும்போது மீசை நரைத்திருக்கும். அதன் கோடியில் நீண்டதொரு சாப்பாட்டுக் கவுண்டர். அதற்கு முன்னால் சிவப்புச் சுழல் இருக்கைகள். வேகமாகச் சுழன்ற ஒருவர் அடுத்த ஊரான கோலியர்ஸ் வுட்டில் போய் இறங்கினார். சிரிக்காதீர்கள், பாவம், திரும்பி வர பஸ் எடுத்தவர்!

அந்தக் கவுண்டருக்குப் பின்னே, கடதாசித் தொப்பியோடு, மன்னார் மகள் மெற்றில்டா. முன்னே, அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய நம் முத்து அண்ணை.

மெற்றில்டா அக்கா சிப்ஸ் கரண்டியை நீட்டி, "இன்னும் போடட்டோ?" என்பார். அண்ணை என்ன சொல்வார்? எங்கள் வீடுகளில் நாம் என்ன சொல்வோம்? "ஐயோ, வேண்டாம், வேண்டாம்!" அப்படிச் சொன்னால் என்ன பொருள்? திரும்பக் கேள் என்று பொருள்! ஆனால் அங்கே ஒரு மேலாளர் நின்றார். ஒரு தரம்தான் கேட்கலாம், வேண்டாம் என்றால் உடனே அடுத்த ஆள், அதுதான் அவர் சட்டம். கரண்டி போய்விடும். அண்ணை பசியோடு எழும்புவார். மறுநாளும் வருவார், மறுநாளும் "வேண்டாம்" என்பார். மெலிந்து மெலிந்து, அவரைக் கதவின் தபால் துவாரத்தால் வீட்டுக்குள் போடலாம் என்ற நிலை!

பிறகேன் போனார் என்கிறீர்களா? சிப்ஸுக்காகவா போனார்?

அப்படியிருக்க, ஒரு நாள் கதவில் அறிவிப்பு: கடை மூடப்படுகிறது. கடை மூடினால் மெற்றில்டா அக்கா லண்டனின் மறுகோடியில், இல்ஃபோர்டில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போய்விடுவார். கடைசி நாள். வரிசை தேம்ஸ் நதியைத் தாண்டி நிற்கிறது. அண்ணை தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்காதான் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்:

"என்னைக் கலியாணம் கட்டுவியளோ?"

அண்ணையின் நாக்கு பழக்கத்தில் புரண்டது. "ஐயோ, வேண்டாம், வேண்டாம்!"

முட்டை பொரிவதை நிறுத்தியது. கேத்தில் கொதிப்பதை நிறுத்தியது. பெருந்தெருவின் பஸ்கள் நின்றன. அண்ணையின் முகம் தேத்தண்ணிக்குள் விழுந்த பிஸ்கட்டானது. மேலாளர் கத்துகிறார், அடுத்த ஆள்!

அக்கா கடதாசித் தொப்பியைக் கழற்றி மேலாளரின் கையில் கொடுத்தார். கவுண்டரில் குனிந்தார்.

"உது மெய்யான வேண்டாமோ, இல்லாட்டி எங்கட ஆக்களின்ர வேண்டாமோ?"

"எங்கட ஆக்களின்ரது!" என்று அண்ணை அலறினார்.

"அப்ப திரும்பக் கேக்கிறன். கட்டுவியளோ?"

"ஓம்! ஓம்! ஓம்!"

பெரியோர்களே! இன்று கடைக்குப் போனால், காசு வாங்க ஆளுக்குப் பதில் நிற்கும் கண்ணாடித் திரை கேட்கிறது, வேறு ஏதும் வேண்டுமா என்று. இல்லை என்று தொடுகிறோம். உடனே நம்பிவிடுகிறது! நம் கூச்சத்தைத் திரை அறியுமா? நம் தயக்கத்தைத் திரை அறியுமா? "வேண்டாம்" என்றவனை ஒருகணம் நின்று பார்க்க ஒரு முகம் வேண்டாமா? பிள்ளைகளே, உங்கள் வாழ்விலும் வாய் ஒன்றைச் சொல்லி வயிறு வேறொன்றைச் சொல்லும் மனிதர் வருவார்கள். திரும்பக் கேளுங்கள்! கேட்டுவிட்டுக் கரண்டியோடு கொஞ்சம் நில்லுங்கள்!

அக்கா முறைக்கிறார், முடிக்கிறேன். பொறுமையாய்க் கேட்டவர்களுக்கும் பொறுமையாய்த் தூங்கியவர்களுக்கும் நன்றி. மணமக்கள் நீடு வாழ்க! எல்லோருக்கும் வணக்கம்.

மேடையை விட்டு இறங்கியபின் ஒன்று சொல்கிறேன்: மீசை நரைத்ததும் பஸ் நின்றதும் என் கைவரிசை. அக்கா திரும்பக் கேட்டது மட்டும் உண்மை. அன்று அண்ணைக்குப் பக்கத்துச் சுழல் இருக்கையில் நான் இருந்தேன்.