கழித்துப்போட்ட போல்ட்டுகள்

உங்கள் ஸ்டேஷன் ஜீப்பின் இடது முன்சக்கரம் உள்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, சார். உள்ளே வரும்போது பார்த்தேன். அலைன்மென்ட் போயிருக்கிறது. மழை நாளில் பிரேக் அடித்தால் ஒரு பக்கமாக இழுக்கும். நல்ல டயர், வீணாக்காதீர்கள்.

பழக்க தோஷம். மனுஷன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டிச் சக்கரத்தைத்தான் பார்ப்பேன்.

என் பெயர் அரசப்பன். புதுவாயல் கூட்ரோட்டில் வீல் கடை வைத்திருக்கிறேன். லாரி வரும், கன்டெய்னர் வரும், ஆனால் எனக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது பீட்லாக். எழுதுகிற தம்பிக்கும் புரியட்டும், சொல்கிறேன். சாதாரணச் சக்கரத்தில் டயரை ரிம்மோடு பிடித்துவைத்திருப்பது உள்ளே இருக்கிற காற்றுதான். பழவேற்காட்டுப் பக்கம் மணலில் ஜீப் ஓட்டுகிறவர்கள் அந்தக் காற்றைப் பாதிக்குமேல் இறக்கிவிடுவார்கள். அப்போதுதான் டயர் பரந்து மணலைப் பிடிக்கும். ஆனால் காற்று குறைந்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். அது கழலாமல் இருக்க, வெளிப்பக்கம் ஓர் இரும்பு ரிங்கை வைத்து, டயரின் உதட்டை ரிம்முக்கும் ரிங்குக்கும் நடுவில் நெரித்து, சுற்றிலும் போல்ட் போட்டு முடுக்கிவிடுவோம். அவ்வளவுதான் பீட்லாக். ரிங்கை நானே தகடு வாங்கி, சிப்காட்டுக்குள் ஒரு லேத்தில் கடைந்துகொள்வேன்.

இது ரோட்டுக்கு ஆகாது. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது போலத்தான் வண்டி இருக்க வேண்டும். இதை மாட்டிக்கொண்டு எஃப்.சி.க்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இடித்தால் இன்சூரன்ஸ் கிடைக்காது. சட்டம் தெரியாமல் தொழில் செய்கிறவன் இல்லை நான். கடைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன், பீட்லாக் மணலுக்கு மட்டும் என்று. அதனால் ஜீப்புகள் கம்பெனி வீலிலேயே மணல் ஓரம் வரை போகும். எங்கள் குட்டியானை வண்டியில் பீட்லாக்குகளை ஏற்றிக்கொண்டு லோகு பின்னாலேயே போவான். அங்கே மாட்டிவிடுவான். ஓட்டி முடித்ததும் கழற்றி, கம்பெனி வீலைப் போட்டு அனுப்பிவிட்டு வருவான்.

லோகு என் தங்கச்சி தமிழ்செல்வியின் புருஷன். கடையில் எனக்குச் சரிபாதிக் கை. நல்ல வேலைக்காரன். அதை நான் எங்கேயும் மறுத்துச் சொன்னதில்லை.

ஆரம்பாக்கத்து ஆதிநாராயணன் விஷயத்துக்கு வருகிறேன். நிலம் நீச்சு உள்ள குடும்பம். வாயைத் திறந்தால் நைனா. அன்றைக்கு மணல் ஓரத்தில் பீட்லாக்கை மாட்டிவிட்டு வந்தது நான்தான், லோகு இல்லை. ஓட்டி முடித்துவிட்டுப் போன் செய்தார்.

"நைனா, வண்டி எங்க? வீல் மாத்தணும், வெயிலு மண்டையப் பொளக்குது."

குட்டியானையோடு லோகுவை நான் திருப்பாச்சூர்ப் பக்கம் ஒரு லாரிக்கு டயர் மாற்ற அனுப்பியிருந்தேன். லாரிக்காரன் காத்திருக்க மாட்டான், ஜீப்காரர் காத்திருப்பார் என்று கணக்கு. அவரும் காத்திருக்கத் தயாராகத்தான் இருந்தார். அப்படியே ரோட்டில் ஏற்றி வந்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது என்று சொன்னது நான். சுவரில் எழுதியிருப்பது அவருக்கும் தெரியும். படித்தவர். வாய் வார்த்தை பெரிதா, எழுத்து பெரிதா, நீங்களே சொல்லுங்கள்.

கல்கத்தா ஹைவேயில் முன்சக்கரத்து ரிங் பெயர்ந்தது. டயர் கழன்று, ஜீப் ஓரமாக இழுத்துக்கொண்டு போய், கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெண்ணை அடித்தது. கங்கம்மா. ஆரம்பாக்கத்திலிருந்து பேக்கிங் வேலைக்கு வருகிறவள். எங்கள் கடைக்கு எதிரில்தான் டீ குடிப்பாள். லோகுவிடம் ஏதாவது வாயடிக்காமல் போக மாட்டாள்.

ஜீப்பைத் தூக்கிவர லோகுதான் போனான். தூக்கிவந்ததோடு விட்டிருக்கலாம். ரோட்டில் சிதறிக் கிடந்த போல்ட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பீட்லாக் போல்ட்டை ஓட்டத்துக்கு ஓட்டம் முடுக்க வேண்டும். எதிரும் புதிருமாக, ஒரே அளவு பலத்தில். அப்படி முடுக்கி முடுக்கி இரும்பு நீண்டுவிடும். நீண்ட போல்ட் இறுகியது போல இருக்கும், ஆனால் பிடிக்காது. லோகு அப்படிப்பட்டதைக் கழித்து, தலையில் அரத்தால் ஒரு கோடு கிழித்து, பழைய பெயின்ட் டப்பாவில் போட்டுவிடுவான். ஆதிநாராயணன் வீலுக்குக் கடையில் ரிங் மாட்டும்போது புது போல்ட் வந்து சேரவில்லை. அவர் வாசலில் நின்றுகொண்டு பேஜார் பண்ணினார். டப்பாவில் கையை விட்டேன்.

கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது, சார். நான் ரோலிங் மில்லில் வளர்ந்தவன். என் அப்பாவும் அங்கேதான், சிவந்த கம்பி சுற்றி முட்டிக்குக் கீழே கால் போனவர். பல் தேய்ந்த இடுக்கியைக் கொடுத்து அதிலேயே நெருப்புக் கம்பியை இழுக்கச் சொல்வார்கள். இழுத்தோம். தேய்ந்ததை எல்லாம் தூக்கிப்போடுவது என்றால் எங்களைத்தான் முதலில் தூக்கிப்போட்டிருக்க வேண்டும்.

லோகு அந்த போல்ட்டுகளை என் முன்னால் பெஞ்சில் வைத்தான். நான்கைந்து. எல்லாவற்றின் தலையிலும் அரக்கோடு.

"இது நான் கழிச்சது மச்சான்."

"தெரிது."

"தெரிஞ்சிக்கினேவா போட்ட?"

"அந்தாளு ரோட்டுல எடுத்துக்கினு வந்தா நான் இன்னா செய்ய?"

"நீதான வரச் சொன்ன. அவரே எங்கிட்டச் சொன்னாரு."

விட்டால் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. கங்கம்மா வீட்டுக் காரியத்துக்குப் போய்விட்டு வந்தான், முகம் மாறிவிட்டது. அவள் புருஷன் இவனிடம், எத்தனை தடவை சொன்னேன், ரோட்டில் இறங்கி நிற்காதே என்று, கேட்டாளா பாவி என்று அழுதிருக்கிறான்.

"அது ரோட்டுலயே நிக்கல மச்சான். மண்ணுலதான் நின்னுக்கினு இருந்துது. செத்ததும் இல்லாம பழியும் அதும் மேலயே போவுது. நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொன்னா கடை போவும்."

"போவட்டும்."

"மறுபடி நான் மில்லுக்குப் போவணுமா? நீ என் தங்கச்சிய இன்னாத்த வெச்சிக் காப்பாத்துவ?"

"கல்லு ஒடச்சாவது காப்பாத்தறேன். நீ வேணா எங்கூட வா. ரெண்டு பேருமா சொல்லிடலாம். நீ சொன்னா உனக்குத்தான் நல்லது."

போவட்டும் என்று சொன்னான் பாருங்கள், அதுதான். என் கடையை. மில்லில் அந்தச் சூட்டில் நிற்காதவனுக்கு அந்த வார்த்தை சுலபமாக வரும். அவன் வேலைக்கு வந்ததே என்னிடம்தான். கடை இல்லாத அரசப்பனை அவன் பார்த்தது கிடையாது. நான் பார்த்திருக்கிறேன். திரும்பப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் காலையில் சொன்னான், கையில் இருக்கிற வீலை முடித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று. அப்படிப்பட்டவன் அவன். போலீசுக்குப் போகிற நாளிலும் வேலையைப் பாதியில் விட மாட்டான்.

அது வேறொரு பார்ட்டியின் பீட்லாக் வீல். ரிங்கைக் கழற்றி, போல்ட் மாற்ற வேண்டியது. ரிங்கைக் கழற்றுவதற்கு முன்னால் டயரில் பொட்டுக் காற்று இருக்கக்கூடாது. இருந்தால், பாதி போல்ட் கழன்றதும் மீதி போல்ட் தாங்காது. ரிங் அப்படியே எகிறும். எதிரில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு போகும். இந்த ஜீப்புகளுக்குப் போடுகிற கனத்த டயரின் பக்கம் கட்டை மாதிரி இருக்கும். காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் தட்டினால் ஒரே சத்தம். அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம். காற்றை இறக்குகிறவன் வால்வுக்குள் இருக்கிற பின்னைக் கழற்றி, ரிங்கைக் கழற்றப்போகிறவன் கையில் கொடுக்க வேண்டும். பின் வெளியே வந்துவிட்டால் டயரில் காற்று நிற்காது. கையில் பின் வராமல் லோகு ஸ்பானரைத் தொட மாட்டான். பெருமாளே வந்து காற்று இறக்கியாச்சு என்றாலும், பின் எங்கே சாமி என்று கேட்பான்.

அவன் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனான். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்த வீலில் காற்றை இறக்கவில்லை. ஏற்றினேன். மணலுக்கு வைக்கிற அளவு இல்லை, ரோட்டுக்கு வைக்கிற அளவும் இல்லை, அதற்கும் மேலே.

அவன் வந்தான். உதட்டைத் துடைத்துக்கொண்டே கையை நீட்டினான்.

"பின்னு குடு மச்சான்."

கொடுத்தேன். மூலையில் கிடந்த ஒரு லாரி ட்யூபிலிருந்து கழற்றியது. எல்லாப் பின்னும் ஒரே மாதிரிதான் இருக்கும். பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"இன்னா மச்சான், மூஞ்சி உம்முன்னு கீது? மதியம் தமிழு மீன் கொழம்பு வெக்கிறா. வந்து துன்னுட்டு அப்பறம் எம்மேல கோச்சிக்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். போல்ட் கழற்றுகிற ஏர் கன்னை எடுத்து முதல் போல்ட்டில் வைத்தான். கம்ப்ரசர் சத்தத்தில் சின்னச் சீறல் எல்லாம் காதில் விழாது. எப்போதும் நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வீலைப் பிடித்துக்கொள்வேன். அன்றைக்கு எழுந்து போய்த் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஏன் எழுந்து போகிறேன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. கேட்கவில்லை, அதனால் அந்தப் பேச்சு வேண்டாம்.

ரிங் அவன் முகத்தில் பட்டது. வலி தெரிந்திருக்காது. மில்லில் செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், சார். நாள்கணக்காகக் கத்திச் செத்தார்கள். அதோடு ஒப்பிட்டால் இது பரவாயில்லை.

அவசரத்தில் காற்று இறக்காமல் தொட்டுவிட்டான் என்று உங்கள் ஆட்களிடம் சொன்னேன். உடனே நம்பினார்கள். ஹைவே ஓரத்துக் கடைகளில் வருஷத்துக்கு ஒருத்தன் இப்படிப் போகிறான், அவர்களுக்கும் தெரியும். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் தலையில் அடித்துக்கொண்டார்கள், இத்தனை வருஷம் வேலை செய்தவன் இப்படியா செய்வான் என்று. எனக்கு அதில்தான் கொஞ்சம் கோபம். நல்ல வேலைக்காரனைக் குறை சொல்கிறார்களே என்று.

இப்போது மேசையில் இரண்டு பின்னை வைத்திருக்கிறீர்கள். ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த அவன் சட்டைப்பையில் இருந்தது. இன்னொன்று அந்த வீலின் வால்வுக்குள்ளேயே இருந்தது. ஒரு வீலுக்கு ஒரு பின்தான். சரியாகத்தான் கேட்கிறீர்கள். ரிங் எகிறிய வீலில் வால்வைத் திருகிப் பார்க்கிற ஆள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

தமிழ்செல்வி பார்த்திருக்கிறாள். காரியம் முடிந்த பிறகு கடைக்கு வந்தாள். தார்ப்பாயைத் தூக்கி அந்த வீலின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, வால்வு கீ ஒண்ணு குடேன்."

பின்னைத் திருகிக் கழற்றுகிற சின்னச் சாவி அது. புருஷன் தொட்ட பொருள், ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்து நானே எடுத்துக் கொடுத்தேன். அவன் வீட்டில் தொழில் பேசுகிறவன், வழக்கம் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. துக்கம், தானாகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

சரி, எழுதச் சொல்லுங்கள். கழித்த போல்ட்டைப் போட்டது நான். ரோட்டில் வரச் சொன்னது நான். லோகுவைக் கொன்றது நான், தெரிந்தே, யோசித்தே. யாரும் தூண்டவில்லை, குடித்திருக்கவில்லை. வருத்தப்படுகிறேன் என்று மட்டும் எழுத வேண்டாம். கையெழுத்துப் போட மாட்டேன். நான் கடையைக் காப்பாற்றினேன். கடை இருந்ததால்தான் அவன் போன பிறகும் அவள் என் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாள். அவளுக்குத் தனி அறை கொடுத்திருக்கிறேன். தட்டில் போட்டதைச் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறாள், அதற்கும் நான் ஒரு சொல் சொன்னதில்லை. புருஷன் செத்த தங்கச்சியை இந்தக் காலத்தில் யார் இப்படி வைத்துக்கொள்கிறான்?

வெளியே பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருப்பாள், பாவம். நான் வர நேரமாகும், எனக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.