வியாழனா, வெள்ளியா

தறி ஓடாத நாளில்தான் எனக்குத் தலைவலி வரும். சேவூரில் பிறந்தவனுக்கு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். அப்பா இன்னும் வீட்டில் இரண்டு தறி வைத்திருக்கிறார். நான் ஆரணியிலேயே கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறேன். பெயர் தனசேகரன், வயது முப்பத்தெட்டு. இதெல்லாம் உங்கள் ஸ்டேஷன் காகிதத்தில் ஏற்கெனவே இருக்கும், மேடம்.

எங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்டீர்கள். பட்டுச்சேலை டிசைன்களை இப்போது கிளவுடில் ஓர் ஆப்பில் போட்டு வைக்கிறார்கள். பூட்டு போடுவது வேறு ஆட்களின் வேலை. எந்தப் பூட்டிலும் எங்கோ ஓட்டை இருக்கும். அதன் வழியே நுழைந்தவன் என்ன செய்கிறான் என்று, ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்ப்பவர்கள் நாங்கள். படம் காட்ட மட்டுமே தெரிந்த ஆப், திடீரென்று வெளியாளிடம் கட்டளை வாங்கி ஆட ஆரம்பித்தால் எங்கள் திரையில் மஞ்சள் கோடு விழும். அதை ஆள் பார்த்து நிறுத்த வேண்டும். சிவப்புக் கோடு என்றால் மென்பொருளே இணைப்பைத் துண்டித்துவிடும்.

கனிமொழி எங்களிடம் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போளூர்ப் பக்கம். அப்பா வீரன் கூலி வேலை. கெட்டிக்காரி, அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. அமாவாசைக்கு ஊரில் தறி நிற்கும், கடையும் அடைத்திருக்கும், அன்றைக்கு டிசைனைத் திறக்க யாருக்கும் வேலை கிடையாது என்பதை வந்த மூன்றாம் மாதமே கவனித்துவிட்டாள். அன்று யார் திறந்தாலும் சிவப்பு என்று ஒரு விதி எழுதினாள். முதலாளி சுப்பராயலு எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"பொறந்ததுலேர்ந்து தறி வூட்லயே கெடக்கற தனசேகரு. நேத்து வந்த பொண்ணுக்குத் தோணுது, உனக்கு ஏன்பா தோணல?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் அவள் எனக்கு மேலே வந்துவிட்டாள். ஆனாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டாள்.

விதி சரி, தேதியை மாதாமாதம் கையால் போட வேண்டும். அமாவாசை இரண்டு நாளில் விழுந்தால் எந்த நாள் தறி லீவு என்று காலண்டர் சொல்லாது, தறிக்காரர்களுக்குத்தான் தெரியும். அதனால் எனக்குப் போன் செய்வாள். இந்தத் தடவையும் செய்தாள்.

"அண்ணா, காலண்டர்ல ரெண்டு நாளும் அமாவாசன்னு போட்டுக்கீது. தறி லீவு வியாழனா, வெள்ளியா?"

"வெள்ளிம்மா."

"தேங்க்ஸ்ணா. நீங்க இல்லன்னா எனக்கு பேஜாராப் பூடும்."

லீவு வியாழன். வெள்ளிக்கிழமை ஊரே வேலை செய்யும், டிசைனைத் திறக்கும் ஒவ்வொருவனையும் அவள் விதி வெளியே தள்ளும், போன் மேல் போன் வரும், முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வாள். என் ஆசை அவ்வளவுதான்.

வியாழன் அன்று அவளும் முதலாளியும் சென்னைக்குப் போயிருந்தார்கள். திரை முன்னால் நான் மட்டும்தான். பதினோரு மணிக்கு ஒரு மஞ்சள் கோடு. ஆப் யாரிடமோ கட்டளை வாங்கிக்கொண்டு டிசைன்களை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. சரியான தேதி போட்டிருந்தால் அது சிவப்பாக விழுந்து அங்கேயே நின்றிருக்கும். நான் ஒரு பட்டனை அழுத்தினாலும் நின்றிருக்கும். யார் திருடுகிறான் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யோசித்துப் பார்த்தேன். பிறகு கீழே இறங்கி டீ குடித்தேன். சூடாக இருந்தது, ஆற்றித்தான் குடித்தேன். திரும்பி வந்தபோது கல்யாண சீசனுக்கு வைத்திருந்த நானூறு டிசைனும் போயிருந்தது.

தேதியை மாற்றிப் போட்டது அவளுடைய பாஸ்வேர்டில். திருட்டு நடக்க வேண்டும் என்றே விதியைத் தூங்க வைத்தாள் என்று உங்கள் ஆட்களே முடிவு கட்டினார்கள். "அண்ணன்தான் வெள்ளின்னு சொன்னாரு" என்று அழுதாள். என்னைக் கேட்டார்கள். மஞ்சள் கோடு விழுந்தபோது நான் திரை முன்னால் இல்லை என்றேன், நம்பினார்கள். லீவு வியாழன் என்றுதான் அவளிடம் சொன்னேன் என்றும் சொன்னேன். "அவங்க பக்கம் அமாவாசைக்கு தறி நிறுத்தற பழக்கம் இல்ல சார், வெளங்காம பூட்டிருக்கும்" என்று அவளுக்காகப் பரிந்துகூடப் பேசினேன். முதலாளி தலையாட்டினார். பதினெட்டு நாள் அவள் ஜெயிலில் இருந்தாள்.

நடுவில் ஒருநாள் வீரன் என் வீட்டுக்கு வந்தார். கேட்டைத் தாண்டவில்லை. "நீங்க ஒரு வார்த்த சொன்னா வுட்ருவாங்கன்னு பாப்பா சொல்லுச்சு சாமி. அது சோறு துண்ண மாட்டேங்குதாம்" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். அந்த ஆள் நின்றுகொண்டே இருந்தார். என் மனைவி பரிமளா காபி கொண்டுவந்து கொடுத்தாள், பேப்பர் கப்பில். குடித்துவிட்டு, கப்பை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு போனார்.

அவள் போன், பேசுவதையெல்லாம் தானாகப் பதிவு செய்யும் போன். அதைச் சொல்லித்தான் முதல் நாளிலிருந்து கதறியிருக்கிறாள். பிடுங்கி வைத்த போனைத் திறந்து கேட்க உங்களுக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. சற்று முன் நீங்கள் போட்டுக் காட்டியது என் குரல்தான். வெள்ளிம்மா என்றது நான்தான். மஞ்சள் கோட்டைப் பார்த்துவிட்டே டீ குடிக்கப் போனதும் நான்தான், அதைப் பதிவு செய்ய எந்த மிஷினும் இல்லை, நானாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெண்ணை உள்ளே தள்ளியது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசியாகக் கேட்டீர்களே, அந்த இடத்துக்கு எங்கள் தெருப் பெண் வந்திருந்தாலும் இதைச் செய்திருப்பேனா என்று. அவளுக்கு வியாழன் என்று சொல்லியிருப்பேன். அதற்காக, மேடம், ஜாதி பார்த்துச் செய்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை.